மாமியார் பெயரிலிருந்த மிஷின்

எங்கள் ஸ்டூடியோவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு என் மாமியாரின் பெயர். வைத்தவள் என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தனின் மனைவி. அந்த ஒரு காரியத்துக்காகவே நான் அவள்மேல் கறுவிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் பொறாமை இல்லை, சும்மா கோபம்தான் என்று சொல்லிவந்தேன். பொய். பொறாமைதான். அவள் ஸ்கூட்டரை ஒரே வளைப்பில் திருப்பி நிறுத்துகிற அழகைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோரக் குப்பம் எங்களுடையது. கணவர் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறார். மெயின் ரோட்டில் ஸ்டூடியோ. கேமரா மட்டும்தான் அவருடையது. படம் பொறுக்குவது, நிறம் திருத்துவது, ஆல்பம் கட்டுவது, ஆல்பம் ஏன் இன்னும் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான். கல்யாணத்துக்கு முன்னால் கருங்குழியில் படித்த கம்ப்யூட்டர் டிப்ளமோ அதற்குத்தான் உதவியது.

மாமனார் இருந்தவரை வீட்டுக்கு ஒரு ஃபைபர் படகு, எங்கள் பேச்சில் போட்டு, இருந்தது. அதன் மூக்கில் மாமியார் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். எங்கள் கரையில் போட்டுக்குப் பெயர் இல்லாமல் யாரும் கடலில் இறக்க மாட்டார்கள். பெண்டாட்டி பெயர், மகள் பெயர், இல்லையென்றால் சாமி பெயர். மாமனார் போனபிறகு போட்டை விற்றோம். வாங்கினவர் மாமியார் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன் மகள் பெயரை ஒட்டி, பூசை போட்டு இறக்கினார். அது வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் மாமியார் அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்க சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். நான்தான் கஞ்சி வைத்துக் குடிக்க வைத்தேன். அந்தக் கஞ்சியை இப்போது யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஓர்ப்படி செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கேளம்பாக்கத்தில் ஃபிளாட், பக்கத்திலேயே ஏதோ ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாங்கள் கல்யாணப் படங்களைச் சின்னச் சின்ன ஹார்டு டிஸ்க்குகளில் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதை அவள் பார்த்தாள். "ஐயோ அக்கா, ஒரு நாள் எல்லாம் போயிடும்" என்றாள். அடுத்த ஆயுத பூசைக்கு உதிரி பாகங்களை வாங்கிவந்து, ஸ்டூடியோ தரையில் உட்கார்ந்து, நாலு டிஸ்க் வைத்து ஒரு மிஷினைக் கட்டி எழுப்பினாள். அதை ஓட்டுகிற சாஃப்ட்வேராக லினக்ஸ் போட்டாள். அதோடு போயிருந்தால் நன்றியோடு இருந்திருப்பேன்.

"அத்த, இதுக்கு உங்க பேருதான் வச்சிருக்கேன்" என்றாள். சொன்னதோடு விடாமல், போட்டுக்குப் பெயர் வெட்டித் தருகிற அதே ஸ்டிக்கர் கடைக்குப் போய், அதே சிவப்பில் மாமியார் பெயரை வெட்டி வாங்கிவந்து பெட்டியின் முகத்தில் ஒட்டினாள். மாமியார் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம். மீன் விற்கப் போகிற இடத்தில் எல்லாம், "என் பேர்ல ஒரு மிஷினு கீது, சின்னவ வச்சா" என்று பேச்சு. தினம் அதன் முன்னால் உட்கார்ந்து முதுகு ஒடிகிற பெரியவளைப் பற்றிப் பேச்சே கிடையாது.

நாலு டிஸ்க் எதற்கு என்று அவள்தான் எங்களுக்கு விளக்கினாள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ரெய்டு. ஒவ்வொரு படமும் நாலிலும் பிரித்து எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் மிச்சம் மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நாலும் ஒன்றாக நின்றால்தான் அது ஒரு கூட்டு. "நாலு பேரு சேந்து வல இழுக்கற மாதிரி" என்றார் மாமியார். "சூப்பர் அத்த, அதேதான்" என்று அவள் கை தட்டினாள். இதோடு இன்னொரு நகலை வெளியே தனியாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பழைய கல்யாணங்களுக்கு எல்லாம் வைத்தேன். புதிதாக எடுத்தவற்றுக்கு வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வருடம் மிஷின், "உங்கள் லினக்ஸ் பழசாகிவிட்டது, அப்கிரேட் செய்யுங்கள்" என்று தினமும் நச்சரிக்க ஆரம்பித்தது. வழக்கமாக இதெல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து செய்வது. நானே செய்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அந்த மனிதர் கேமராவைத் துடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவ வந்து பாத்துக்குவா. நீ எதனா பண்ணி வச்சிடாத" என்றார்.

எதனா பண்ணி வச்சிடாத! அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. மறுநாள் காலை அவர் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனதும், ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டு அப்கிரேடை ஆரம்பித்தேன்.

நடுநடுவே அது கேள்வி கேட்டது. பழைய செட்டிங் ஃபைலையே வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா? புதுசு என்றால் நல்லதுதானே என்று எல்லாவற்றுக்கும் புதியதையே போடச் சொன்னேன். எல்லாம் முடிகிற நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். கறுப்பு ஸ்கிரீனில் ஒவ்வொரு வரியும் மிஷினின் பெயரோடுதான் தொடங்கும். வரிக்கு வரி மாமியார் பெயர், இங்கிலீஷ் எழுத்தில். இத்தனை காலமும் நான் அதன் முன்னாலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போட்டில் மாமியார் பெயர். படம் எடுக்கப் போகிற வேனில் குலசாமி பெயர். ஸ்டூடியோ போர்டில் கணவர் பெயர். என் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அதுவும் கடைசியில். என் பெயரை எதன்மேலும் யாரும் எழுதியது கிடையாது. மிஷினின் பெயரை மாற்ற ஒரே ஒரு கமாண்ட் போதும். தட்டினேன். என் பெயர். வெளியே இருந்த சிவப்பு ஸ்டிக்கரை மட்டும் தொடவில்லை, அந்த அளவுக்குத் தைரியம் இல்லை.

அணைத்துத் திரும்பப் போட்டேன். மிஷின் எழுந்தது. வரி என் பெயரோடு தொடங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்த்துக்கொண்டே ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். பிறகு படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் குப்பத்துப் பெண். போன மாதம்தான் அவளுடைய கல்யாணத்துக்குப் படம் எடுத்திருந்தோம். கழுத்துத் தாலியில் மஞ்சள்கூட மங்கவில்லை. தலை கலைந்து, கண் வீங்கிப்போய் நின்றாள்.

"அக்கா, அப்பா பூட்டாருக்கா" என்றாள். "காலைல கரையில நின்னுகினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிக்கினு அப்டியே குந்திட்டாரு."

நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் சாவு கிடையாது. திருக்கழுக்குன்றத்து பேனர் கடைக்காரர் மதியத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"வூட்ல ஆதார் கார்டு படந்தான் கீது. அத பேனர்ல போட்டா போலீஸ் தேடற ஆளு மாதிரி கீதுக்கா. கல்யாணத்துல அப்பா சிரிச்சாரே, அந்தப் படம் குடுக்கா. அவரு சிரிச்சி நான் பாத்ததே அன்னிக்கிதான்."

அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரியும். அவரைச் சிரிக்க வைத்ததே நான்தான். மனிதர் பட்டுச் சட்டையில் தாசில்தார் முன்னால் நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நின்றார். லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நான், "அண்ணாத்த, இனிமே காலைல பாத்ரூம் உங்களுக்குத்தான், கியூ கெடையாது, சிரிங்க!" என்றேன். வெடித்துச் சிரித்துவிட்டார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்தாகிவிட்டது. அந்தச் சிரிப்பு உலகத்தில் இந்த மிஷினுக்குள் மட்டும்தான் இருந்தது, நகல் இல்லாமல்.

"குந்து கண்ணு, எடுத்துத் தர்றேன்" என்றேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ரெய்டின் நிலையைக் காட்டுகிற கமாண்ட் எனக்குத் தெரியும். அடித்தேன். எங்கள் கூட்டுக்கு எப்போதும் எண் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையே காணோம். அதற்குப் பதிலாக 127 என்று எதுவோ ஒன்று நின்றது. நான் 127 என்று எதையும் செய்யவில்லையே? கேபிள்களைப் பிடுங்கி மாட்டினேன். மறுபடியும் 127. இன்டர்நெட்டில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான், பழையதைக் கலைத்துவிட்டு அதே டிஸ்க்குகளை வைத்துக் கூட்டைப் புதிதாக உருவாக்கு என்று எழுதியிருந்தான். கீழே ஒருவன் நன்றி சொல்லியிருந்தான். அதற்கும் கீழே என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. 127-ஐக் கலைத்தேன். புதிதாக உருவாக்குகிற கமாண்டை அடித்தேன். மிஷின் ஒரு வார்த்தை கேட்டது: இந்த டிஸ்க்குகள் ஏற்கெனவே ஒரு கூட்டில் இருப்பதுபோலத் தெரிகிறது, நிஜமாகவே புதிதாக உருவாக்கட்டுமா? ஆம் என்றால் ஒய்.

விரலை ஒய்மேல் வைத்துவிட்டேன். அப்போது எனக்கு அந்தச் செத்துப்போன மனிதர் ஞாபகத்தில் இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணும் இல்லை. ஓர்ப்படிக்கு போன் போட்டால் வருவாள், வந்து சரி செய்வாள், மாமியார் ஊர் முழுக்கச் சொல்வார். அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வந்து ஜெயிப்பதைவிட இது என்ன ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

என் காதுக்குப் பின்னால் மாமியார் குரல். சாவு வீட்டிலிருந்து வந்திருந்தார். கையில் போனைத் தூக்கி ஸ்கிரீனுக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார். வீடியோ கால்.

"இந்தா சின்னவளே, பெரியவ இன்னாமோ அடிச்சிகினு கீறா. மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி. இன்னான்னு நீயே பாரு."

"உங்கள யாரு அவள கூப்புட சொன்னது?" என்று நான் கத்தினேன். அதைவிடச் சத்தமாக போன் கத்தியது.

"அக்கா! கைய எடுங்க! ஒய் அடிக்காதீங்க! நோ குடுங்க, நோ!"

நோ கொடுத்தேன். அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "புதுக் கூட்டுன்னு டிஸ்க் மேலயே எழுத ஆரம்பிச்சிருக்கும். அப்பறம் அழுதாலும் வராதுக்கா" என்றாள். எதையும் தொடாமல் இருக்கச் சொன்னாள். நான் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

கேளம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த வெயிலில், அந்தக் காற்றில், தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. அது எப்படி? வாசலில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் நாற்காலியில்.

"ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எந்த மிஷினோடதுன்னு தன் மேலயே எழுதி வச்சிருக்கும் அக்கா, அத மொதல்ல பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கமாண்ட் அடித்தாள். நாலு டிஸ்க்கும் பேசின. நாலிலும் மாமியார் பெயர். அதற்கு மேலே, வரியின் தொடக்கத்தில், என் பெயர்.

அவள் விரல்கள் நின்றுபோயின. என் பெயரைப் பார்த்தாள். மறுபடியும் அந்த நாலு பெயரையும் பார்த்தாள். நான் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தேன். அவள் சொல்லாமலே எனக்கும் புரிந்துவிட்டது. மிஷினுக்குப் பெயர் மாறியதும், வேறு பெயர் சுமந்த டிஸ்க்குகளை அது வேற்று வீட்டு ஆட்கள் என்று நினைத்து, பூஜ்யத்தில் உட்காரவிடாமல் கடைசியில் 127-இல் உட்கார வைத்திருக்கிறது. இவர்கள் நம் ஆட்கள்தான் என்று சொல்லக்கூடிய பழைய செட்டிங் ஃபைலையும் நானே தூக்கிக் கடாசிவிட்டேன். படங்கள் எங்கேயும் போகவில்லை. அவற்றை வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தது என் பெயர்.

"இன்னாமா ஆச்சி? பெரியவ எதனா தப்பா அமுக்கிட்டாளா?" என்றார் மாமியார்.

போட்டின் பெயரைச் சுரண்டினவனையாவது ஊருக்கே தெரியும். நான் கதவைச் சாத்திக்கொண்டு அல்லவா சுரண்டியிருக்கிறேன்.

"இல்ல அத்த. அப்கிரேட் பண்ணா சில நேரம் இப்படி முரண்டு புடிக்கும். அக்கா எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. திட்டுடி, சொல்லிக்கொடுடி, உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணத்தையாவது விட்டு வையடி என்று மனசுக்குள் கத்தினேன். அவள் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பேரு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான் அக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மிஷின்லயும் டிஸ்க்லயும் ஒரே பேரா இருந்தா போதும்." பழைய பெயரையே மிஷினுக்குத் திருப்பி வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுதான் நியாயம், சுலபமும்கூட. அவள் கூட்டைத் திரும்பச் சேர்க்கும்போது டிஸ்க்குகளின்மேல் புதுப் பெயரை எழுதச் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். நாலும் பேசின. நாலிலும் என் பெயர்.

"தெனம் இதோட உக்கார்றது நீங்கதான" என்றாள். "அத்தைக்குத்தான் ஸ்டிக்கர் இருக்கே."

புதுச் செட்டிங் ஃபைலில் கூட்டின் விவரத்தை எழுதினாள், மிஷினை அணைத்துப் போட்டாள். எண் பூஜ்யம் வந்து நின்றது. ஃபோல்டரைத் திறந்தாள். கல்யாணங்கள் எல்லாம் தேதி வரிசையில் கொட்டின. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குள் போனாள். படமோ படம். மேலும் கீழும் உருட்டினாள், திணறினாள். "எதுக்கா?"

"நீ எழுந்திரு" என்றேன். என் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இரண்டாவது கேமரா, மாலை வரவேற்பு, சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிப்பதற்கு முன்னால். நேராகப் போய் எடுத்தேன். முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பு ஸ்கிரீன் முழுக்க வந்து நின்றது.

வாசலில் இருந்த பெண் எழுந்து வந்தாள். "இதாங்க்கா. இதாங்க்கா" என்று அப்பாவின் கன்னத்தில், ஸ்கிரீன்மேல், உள்ளங்கையை வைத்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாள். பக்கத்தில் நின்றவள் ஓர்ப்படி. "நீங்க வரலன்னா எங்கப்பா எனக்கு இல்லக்கா" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த மனிதரைச் சிரிக்க வைத்தவள் நான், பொறுக்கி எடுத்தவள் நான், இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பின்னாலிருந்த கல்யாண மேடையை நீக்கி, வானத்தைப் போட்டு, முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, பேனர் கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை எடுப்புக்குக் குடும்பத்தோடு போனோம். ஓர்ப்படியும் வந்திருந்தாள். தெருமுனையில் பேனர் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் நின்று, நிமிர்ந்து பார்த்தார்கள். "சிரிக்கறாரு பாரேன்" என்றார்கள். அந்த வீட்டம்மா நடுவில் நினைவு தப்பி எழுந்தபோதெல்லாம் பேனர் இருக்கிற திசையைத்தான் பார்த்தார்.

பெண்கள் கூட்டத்தில் மாமியார் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் படமே பூட்ச்சின்னு நெனச்சோம்மா. மிஷினு வுடலியே. டிஸ்க்குல எல்லாம் என் பேரு எழுதிக்கீதாம், அதான் பத்திரமா வச்சிகினு இருந்து குட்த்துது."

கேட்ட பெண்கள் எல்லாம் மாமியாரைக் கும்பிடாத குறைதான். ஆயுசில் முதல் தடவையாக ஒரு பொருளின்மேல் என் பெயர் எழுதியிருக்கிறது, அதை நான் வாய் திறந்து சொல்ல முடியாது. நிமிர்ந்தேன். எதிரே பிணத்தின் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டுகிறது என்று தெரிந்த மறுகணம் எனக்கும் முட்டியது. சாவு வீட்டில்! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்து குலுங்கினோம். "பாவம், அந்தப் படத்த காப்பாத்தனதே இந்த ரெண்டு பேருதான், எப்டி அழுவுறாங்க பாரு" என்று யாரோ சொல்லி என் முதுகைத் தடவினார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அவளைப் பார்த்தேன். துக்கத்துக்கென்று கட்டிக்கொண்டு வந்த நைந்த காட்டன் புடவை. அதுகூட அவளுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. பாவி.